எறும்பின் கட்சி, செடியின் கட்சி

கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில், மழையில் நனைந்த ஆட்டுக்குட்டியோடு ஒருவர் ஏறினார். அந்த ஈர ரோம வாசனையில் கல்வராயன் மலையின் புல்வெளி நினைவுக்கு வந்தது. அப்பா மலையில் வேலை பார்த்த வருஷங்களில் அக்காவும் நானும் எங்கள் இரண்டு ஆடுகளை அங்கேதான் மேய்த்தோம். இப்போது அரிய செடிகளைப் பாதுகாக்க அதைச் சுற்றி வேலி. ஆடு வாய் வைக்காததால் புல் இடுப்புயரம் வளர்ந்துவிட்டது. போன மாதம் தேடியபோது அதன் நிழலில் ஓர் அழுகண்ணிகூட இல்லை.

அழுகண்ணி தரையோடு ஒட்டிய, காசளவு சிவப்புச் செடி. இலை முழுக்க மயிர்கள், நுனிதோறும் பிசின் துளிகள். அவற்றில் சிக்கும் பூச்சிதான் அதற்குச் சாப்பாடு. மழை விட்ட நாட்களில், ஆடுகள் ஒட்டக் கடித்த புல்லுக்கிடையே, வெயில் பட்டதும் தரையே மினுமினுக்கும். அக்கா எறும்பின் கட்சி. சிக்கியவற்றைப் புல் நுனியால் ஒவ்வொன்றாக மீட்பாள். நான் செடியின் கட்சி.

"அப்ப அது பசிக்கு இன்னாதான் துன்னும்?" என்றேன் ஒருநாள்.

"உன் வெரல வையேன்டா, துன்னட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, செடியைப் பட்டினி போட அவளுக்கு மனசு வரவில்லை. ஆட்டின் காதில் உட்கார்ந்திருந்த ஈயை அடித்து இலையில் வைத்தாள்.

"இது ஆட்டக் கடிச்சிக்கினே இருந்திச்சி. துன்னு."

இலையின் மயிர்கள் மெல்ல வளையத் தொடங்கின. இருவரும் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். தலை தூக்கியபோது ஆடுகள் பக்கத்துச் சாமைக் கொல்லையில் பாதியை முடித்திருந்தன.