பூங்காவில் பெண்கள் நேரம்

ஷார்ஜா பூங்காவில் மகளை ஆட்டிவிட்டு வந்தும் உள்ளங்கையில் ஊஞ்சல் சங்கிலியின் இரும்பு வாடை போகவில்லை. அது என்னைப் பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்ப் பூங்காவில் கொண்டுபோய் விட்டது. தண்ணீர் தெளித்த செம்மண், எண்ணெய் காணாத ஊஞ்சலின் கிறீச் சத்தம், அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்குக்கு முன்னால் "தம்பிகளா கிளம்புங்க, பொம்பளைங்க வர்ற நேரம்" என்று எங்களை விரட்டும் வாட்ச்மேன். அத்தாவும் மற்றக் கணவன்மாரும் வளைகுடாவில் இருக்க, மேலே போர்த்திவந்த வெள்ளைத் துப்பட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மாவும் தெருப்பெண்களும் மாறி மாறி ஆடுவார்கள்; வீட்டில் சிரிக்காத அம்மா அங்கே சத்தமாகச் சிரிப்பது வேலிக்கு வெளியே எங்களுக்குக் கேட்கும்.

ஊஞ்சலுக்கு எண்ணெய் விடக்கூட நிதியில்லை என்றே பேரூராட்சியில் சொல்லிவந்தார்கள். தொண்ணூறுகளில் ஒரு அதிகாரி வந்து ஆண்களைக் கூட்டி, "பார்க்குல என்னங்க வருமானம்? கடை கட்டினா வாடகை வரும்" என்றார். பதில் தெரிந்தவர்களெல்லாம் வீட்டுக்குள் இருந்தார்கள்.

லீவில் வந்திருந்த அத்தா, ஊஞ்சல் இருந்த இடத்துக் கடையை முதல் ஆளாக எடுத்து, "உன் பேருதான் வைக்கப்போறேன்" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

கடைப் பலகையில் இன்றும் அம்மாவின் பெயர் இருக்கிறது. ஆண்கள் நிற்கும் இடமென்று அவளை அந்தப் பக்கம் யாரும் போகவிட்டதில்லை.