ஏழு மாரியம்மாள், நாற்பத்தொன்பது கம்பளி

நனைந்த கம்பளியின் வாடை தெரியுமா உங்களுக்கு? பாதி ஆடு, பாதி அடுப்புப் புகை... நேற்று மகளுடைய லேப்டாப்பில் ஒரு சின்ன மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்ததும் அந்த வாடை மூக்கில் ஏறிவிட்டது. சொல்கிறேன், கேளுங்கள்.

எழுபதுகளில் குமுளிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். அதன் ஆபீசில் நான் புதுக் கிளார்க். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. செய்யாவிட்டால் பஸ் பிடித்துச் சொந்த ஊரான கம்பத்துக்கு இறங்க வேண்டியதுதான்.

அங்கே அம்மா ஒரு ரைஸ்மில் மாப்பிள்ளையைப் பார்த்து, அவர் வீட்டில் காபியும் குடித்துவிட்டு வந்திருந்தாள். எனக்கு மாப்பிள்ளையும் வேண்டாம், மில்லும் வேண்டாம். வேலை வேண்டும்.

மழை பிடிப்பதற்குள் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு கம்பளி கொடுப்பது வழக்கம். ஆட்களை எண்ணிக் கம்பளியும் வந்து இறங்கிவிட்டது. எந்த வீட்டில் யாருக்கு என்று லிஸ்ட் போடுவது என் வேலை.

ஆபீசில் இரண்டு ரெஜிஸ்டர். செக்ரோலில் தொழிலாளியின் பேரும் நம்பரும் இருக்கும். லயம் என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்; லயம் ரெஜிஸ்டரில் எந்த லயம், எந்த வீடு, யார் இருக்கிறார்கள் என்று இருக்கும். பேர் மட்டும்தான், நம்பர் கிடையாது. இரண்டையும் சேர்த்தால் லிஸ்ட் ரெடி... அப்படித்தான் நினைத்தேன்.

லயம் ரெஜிஸ்டரைத் திறந்தால் நிறையப் பேர்களைச் சுற்றிச் சிவப்புப் பென்சில் வட்டம். எனக்கு முன்னால் இருந்த கிளார்க் போட்டது. முதல் பக்கத்தில் வேறு, 'வட்டம் உள்ளதை வெறும் பேரை வைத்துச் சேர்க்காதே' என்று ஒரு கிறுக்கல். சேர்த்தால் என்ன ஆகும் என்று அந்த மனுஷர் எழுதவில்லை.

எனக்கோ சுத்தம் முக்கியம். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, ரப்பர் தேயத் தேய, அத்தனை வட்டத்தையும் அழித்தேன். ரெஜிஸ்டர் பளிச்சென்று ஆனது. லீவில் போயிருந்த பெரிய கிளார்க் வர்கீஸ் சார் வந்து பார்த்தால் அசந்துபோவார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சேர்க்கும் வேலை. செக்ரோலில் ஒரு மாரியம்மாளை எடுப்பேன். லயம் ரெஜிஸ்டரில் எங்கெல்லாம் மாரியம்மாள் இருக்கிறாளோ, அங்கெல்லாம் அவளுக்கு ஒரு வரி. அப்புறம் அடுத்த மாரியம்மாள். திரும்ப எல்லா வீட்டுக்கும் ஒரு வரி...

எஸ்டேட்டில் மொத்தம் ஏழு மாரியம்மாள். ஆக நாற்பத்தொன்பது வரி. நாலு அந்தோணியம்மாளுக்குப் பதினாறு. லிஸ்ட் தடித்துக்கொண்டே போனது. நம்மால்தான் இவ்வளவு வேலை செய்ய முடிகிறது என்று பெருமை வேறு!

கம்பளியைக் கொடுக்கப் போனவர் பெண்களை வேலை வாங்கும் கங்காணி சுடலைமுத்து. முதல் லயத்து மாரியம்மாள் வீட்டில் ஏழு கம்பளியை இறக்கியபோது அவருக்கே சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் லிஸ்டில் ஏழு வரி இருக்கிறதே... இறக்கிவிட்டார். ஆறாம் லயத்தோடு கம்பளி தீர்ந்துபோனது. மிச்சம் நாலு லயம். அன்றைக்கென்று பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் முதல் லயத்து மாரியம்மாள். தலையில் ஆறு கம்பளி, மூட்டையாக.

"கிளார்க்கம்மா, எனக்கு ஒத்த ஒடம்புதான் இருக்கு. ஏழு கம்பிளிய எங்கிட்டுப் போத்த? பத்தாம் லயத்துக்காரி சாக்கப் போட்டுக்கிட்டு மழையில கொழுந்து கிள்ளிக்கிட்டிருக்கா."

கோபமே இல்லாமல் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானம் பாதி, ரைஸ்மில் பாதி.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே, இத்தனை மாரியம்மாளில் யார் யார் என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது என்று கேட்டேன்.

"காலைல பேரக் கூப்புட்டா ஏழு பேரும் ஏன்னு கேப்போம். நம்பரச் சொன்னாத்தான் ஒருத்தி வருவா. நான் நூத்திப் பதினாலு."

அவ்வளவுதான் விஷயம்! எஸ்டேட் முழுக்கத் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை.

கொட்டுகிற மழையில் அவளோடு லயம் லயமாக ஏறி இறங்கினேன். வீடு வீடாக நம்பர் கேட்டு ரெஜிஸ்டரில் எழுதினேன். கூடுதலாக வாங்கியவர்கள் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். ஓர் அந்தோணியம்மாள் மட்டும் ஒன்றை ஆட்டுக்குப் போர்த்தியிருந்தாள். அதையும் உருவிக் கொடுத்தாள், ஆடுதான் முறைத்தது.

கிளார்க்குக்குக் கம்பளி கிடையாது. நான் நடுங்குவதைப் பார்த்து நூற்றுப் பதினாலு தன் கம்பளியை என் தலையில் கவிழ்த்தாள். அந்த வாடைதான் நான் சொன்ன வாடை... சாயங்காலம் பத்தாம் லயத்துக்காரி கம்பளியை வாங்கிப் போர்த்திக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் கம்பளி காத்தது என்னைத்தான், ரெஜிஸ்டரை இல்லை. மழையில் மை கரைந்து, எழுதிய நம்பரெல்லாம் ஒரே நீலக் குளம்.

மூன்றாம் நாள் வர்கீஸ் சார் வந்தார். ரெஜிஸ்டரைப் பார்த்தார். நேரே என்னை மேனேஜர் அறைக்குக் கூட்டிப் போனார். மனதுக்குள் பெட்டியைக் கட்டி முடித்துவிட்டேன்.

மேனேஜர் என்னை அனுப்பிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தார். வர்கீஸ் சார் தன் மலையாளத் தமிழில் மெதுவாகச் சொன்னார்: "சாரே, ரெஜிஸ்டர் போயி. ஏது மாரியம்மா ஏது வீடுன்னு இப்ப இந்தக் குட்டிக்கு மட்டும்தான் அறியும்."

அப்படித்தான் நிரந்தரமானேன். முதல் வேலை, புது ரெஜிஸ்டர் எழுதுவது. எல்லா நம்பரையும் எழுதி முடித்து, அழித்த வட்டங்களை ஒவ்வொன்றாக என் கையாலேயே திரும்பப் போட்டேன்.

நேற்று மகள் லேப்டாப்பில் இரண்டு டேபிளை, அதாவது இரண்டு பட்டியலை, ஒன்றாகச் சேர்க்கச் சொல்லி க்வெரி ஓட்டிக்கொண்டிருந்தாள். எப்படிச் சேர்க்கப்போகிறது என்று காட்டும் பிளானில் மஞ்சள் முக்கோணம். என்னவென்று கேட்டேன். எதை வைத்துச் சேர்ப்பது என்று இவள் சொல்லாததால், இதிலுள்ள ஒவ்வொரு வரியையும் அதிலுள்ள எல்லா வரியோடும் சேர்க்கிறதாம். "சும்மா வார்னிங்மா... ஓடுதுல்ல?" என்றாள்.

"அதுல எத்தன மாரியம்மா இருக்காங்கன்னு முதல்ல பாரு" என்றேன். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பதுபோலப் பார்த்தாள்.

அன்றைக்கு எச்சரிக்கையை ரப்பரால் அழிக்க ஒரு நாள் பிடித்தது. இவளுக்குக் கண்ணை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். வசதிதான்... ஆனால் இவள் எத்தனை ஏழு அனுப்பினாலும், ஆறைத் தலையில் சுமந்துகொண்டு திருப்பித் தர அங்கே யாரும் வரப்போவதில்லை.