பட்டை வயரைப் பிடித்து நின்றவள்

அரவணையின் மேல் கண்வளர்ந்தபடியே அடியார் அழைப்புக்குச் செவிசாய்க்கும் திருவள்ளூர்ப் பெருமானின் திருவடிகளைச் சென்னியில் சூடி, அவன் திருநாமத்தைத் துணையாகக் கொண்டு இதை எழுதத் தொடங்குகிறேன். இன்று மார்கழித் திங்கள், வைகுண்ட ஏகாதசி. நோன்பு நாளில் நெஞ்சின் கசப்பை ஏட்டில் இறக்கலாமா என்று விடியற்காலையிலிருந்து தயங்கினேன். அதை உள்ளே பூட்டிவைத்துக்கொண்டு துளசி தீர்த்தம் மட்டும் பருகுவது அதைவிடப் பெரிய பிழையாகப் பட்டதால் எழுதுகிறேன்.

சூடேறிய தூசியின் வாசனைதான் இப்போதும் முதலில் வருகிறது. மரப்பெட்டி டெலிவிஷனின் பின்பக்க அட்டையில் வரிசை வரிசையாகத் துளைகள் இருக்கும். அவற்றின் வழியே உள்ளே கண்ணாடிக் குமிழ்களான வால்வுகள் செம்மஞ்சளாகக் கனல்வது தெரியும். அரக்கும் பழைய துணியும் சேர்ந்து கருகினாற்போன்ற ஒரு வெப்பக்காற்று முகத்தில் அடிக்கும். அந்தக் காலத்து டெலிவிஷன் என்றவுடன் என் வயதுக்காரர்கள் பாட்டையும் படத்தையும் சொல்வார்கள். எனக்கு இந்த வாசனைதான் மிஞ்சியது, ஏனென்றால் நான் அதன் பின்புறத்தில் நின்றவள்.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ரயிலின் ஊதல் காதில் விழும் தொலைவில், நெல்வயல்களுக்கு நடுவே எங்கள் ஊர். ஆந்திர எல்லை அருகே என்பதால் தந்தையை ‘நைனா’ என்போம். என் நைனா நிலபுலன் உடையவர். ஊரின் பஜனைக் கோயிலுக்கு அவரே தலைவர். மார்கழி முழுவதும் ஈரத் தலையும் பன்னிரு திருமண்ணுமாகத் தெருத் தெருவாகத் தாளம் தட்டிச் செல்வார். அவர் பின்னால் பாடிச் செல்லும் சிறுமியரில் என் குரல் எடுப்பானது என்று பெயர். சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கிய மறு ஆண்டு, எங்கள் ஊருக்கு முதல் பெட்டி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி, கோதண்டன் மாமா. புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அவர் ஃபிட்டர்.

மீன் முள்ளைப் போன்ற அந்த ‘ஏரியலை’ மூங்கிலில் கட்டி மாடியில் நட்டபோதே சிக்கல் தொடங்கிவிட்டது.

“மச்சான், மெட்ராஸ் நமக்குத் தெக்கால கீது. முள்ளுத் தலைய தெக்கப் பாக்க வெச்சாத்தான் படம் வரும்” என்றார் மாமா.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டார். “எமன் திசைய பாத்துக்கினு என் ஊட்டு மேல ஒரு கம்பம் நிக்கணுமா? கெழக்க வை.”

“கெழக்கால இன்னா கீது? கடல்தான் கீது. மீன் புடிக்கவா ஏரியல் கட்றோம்?”

தெருவே சிரித்தது. நைனா சிரிக்கவில்லை. நான் வாய்த்துடுக்குள்ளவள், “ஸ்ரீரங்கத்துல பெருமாளே தெக்கப் பாத்துதான படுத்துக்கினு கீறாரு, நைனா?” என்று கேட்டேன். “அது அவரு ஊடு, அவரு இஷ்டம். இது என் ஊடு” என்றார் நைனா. ஏரியல் கிழக்கு நோக்கியே நின்றது.

படமும் அதற்கேற்றபடியே வந்தது. பெட்டிக்குள் யாரோ உப்பை வாரி இறைத்ததுபோல் ஒரே புள்ளி. அதன் நடுவே ஒரு தலை தோன்றும், இரண்டாகும், நெளிந்து கரையும். மூங்கிலை உயர்த்திக் கட்டிப் பார்த்தார்கள். ஏரியலிலிருந்து தாழ்வாரத்து ஓடுகளின் இடுக்கு வழியே இறங்கிவரும் ‘பட்டை வயரின்’ முனையில் படிந்திருந்த பச்சைக் களிம்பைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். பெட்டியை மூலைக்கு மூலை இழுத்து வைத்தார்கள். யாரோ சொன்னார் என்று பூசையறைத் தாம்பாளத்தைக்கூட அதன் தலைமேல் சாய்த்துப் பார்த்தார்கள். உப்பு குறையவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பெட்டிக்குப் பின்னால் உருண்டுபோன என் கண்ணாடி வளையலை எடுக்கக் குனிந்தபோது, தடுமாறி அந்தப் பட்டை வயரைப் பற்றிக்கொண்டேன். கூடத்திலிருந்து ஒரு ஆரவாரம் எழுந்தது.

“ஏ கோமளா! அங்கியே நில்லு! கைய எடுக்காத!”

எடுத்தேன், உப்பு கொட்டியது. பிடித்தேன், படம் பளிங்கானது. வேறு யார் பிடித்தாலும் பாதிதான் தெளிந்தது. என் கையில் அப்படி என்ன இருந்ததோ, பெருமாளுக்கே வெளிச்சம். மறுநாள் மாமா இன்னொரு யோசனையோடு வந்தார்: மேலும் ஒரு ஏரியல் வாங்கி, புது வயர் இழுத்து, பக்கத்து வீட்டுத் தென்னையில் கட்டிவிடலாம், அப்போது ‘நம்ம ஊட்டு மேல’ தெற்கு பார்த்த கம்பம் இராது. நைனா கையை அசைத்துத் தடுத்துவிட்டார். “புது வயரும் வேணாம், ஒண்ணும் வேணாம். அதான் பொண்ணு கீதுல்ல?”

அன்றிலிருந்து என் இடம் அதுவாயிற்று. கூடத்தில் தெருவே உட்கார்ந்திருக்க, நான் சுவருக்கும் பெட்டிக்கும் இடையே நின்று, வெளிச்சம் விழுந்த முகங்களை மட்டும் பார்ப்பேன். அவர்கள் வாய் பிளந்தால் சண்டைக் காட்சி, முந்தானையைக் கண்ணில் ஒற்றினால் தாயும் பிள்ளையும் பிரிகிறார்கள், பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டால் காதல் பாட்டு என்று நானே கதையைத் தைத்துக்கொள்வேன். தெருப் பிள்ளைகள் என்னை ‘ஏரியல் கோமளா’ என்று கூப்பிட்டார்கள். அது எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் கார்த்திகையில் எங்கள் பள்ளிப் பாட்டு டீச்சர் சிறுமியர் சிலரைச் சென்னை நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். மார்கழி ஏகாதசி மாலையில் ஒளிபரப்பாகும் பக்தி நிகழ்ச்சிக்காக நாங்கள் பாசுரங்கள் பாடினோம். கண் கூசும் விளக்குகள். முகத்தில் அப்பிய மாவு. தலையில் டீச்சரே வைத்த தாழம்பூ. என்னை நடுவில் நிறுத்தித் தனியாக ஒரு பாசுரம் பாடவைத்தார்கள். அதுவரை என்னை யாரும் ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. பெருமாளைப் பாடும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று அறியும் ஆசை அன்று முளைத்தது. அதை அகந்தை என்று இன்று சிலர் சொல்லக்கூடும். அந்த வயதில் அது எனக்கு வழிபாட்டின் ஒரு பகுதியாகவே பட்டது.

ஆகவே நைனாவிடம் ஒன்று கேட்டேன்: “அன்னிக்கு மட்டும் வயர வேற யாராச்சும் புடிக்கட்டும். நான் முன்னால உக்காரணும்.”

அவர் பூசையறையில் எரிந்துகொண்டிருந்த விளக்கைக் காட்டி, “பெருமாள் சாட்சிம்மா. அன்னிக்கு உன்ன நடு மணையில உக்கார வெக்கிறேன்” என்றார்.

ஏகாதசி மாலை. கூடம் நிறைந்து தாழ்வாரம் வரை ஆட்கள். நைனா சொன்னபடியே எனக்கு மணை போட்டிருந்தார். பஜனைக் கோயிலிலிருந்து வந்த மாலையைப் பெட்டிக்குச் சாத்தியிருந்தார். மாமா வயரைப் பிடித்துக்கொண்டார். நிகழ்ச்சி தொடங்கியது. உப்பு கொட்டியது. மற்றச் சிறுமியரின் பாட்டுகள் அந்த இரைச்சலோடேயே போய்விட்டன. பிறகு என் குரல் கேட்டது, என் குரல்தானா என்று ஐயுறும்படி, மெலிதாக, எங்கிருந்தோ. திரையில் ஒரு வெள்ளைப் புகை அசைந்தது. அதுதான் நான்.

“மச்சான், மேல ஏறி ஒரே திருப்பு திருப்பிட்டு வந்துர்றேன், கொழந்த பாக்கட்டும்” என்று பின்னாலிருந்து மாமா கெஞ்சினார்.

“ஏகாதசியும் அதுவுமா, பெருமாள் பாட்டுக்கு எமன் திசையா? வாய மூடு.”

“இன்னாப்பா இது பேஜாரு? ஒண்ணுமே தெரியல” என்றது ஒரு குரல். “ஏரியல் கோமளா இங்க சொகமா குந்திக்கினு இருந்தா படம் எங்க தெரியும்?” என்றாள் ஒருத்தி, எல்லாரும் சிரித்தார்கள். நான் நைனாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தபடியே, “போம்மா. ஜனங்க பாக்கணும்ல?” என்றார்.

எழுந்து போனேன். மாமாவின் கையிலிருந்து வயரை வாங்கினேன். ஆரவாரம் எழுந்தது, பிறகு அடங்கியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நைனா இரு கைகளையும் தலைமேல் குவித்தார். என்னைப் பார்த்துத்தான் குவித்தார். நானோ அவருக்கு எதிரே, ஒரு பெட்டியின் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். விரலைத் தளர்த்தியிருந்தால் போதும், எல்லாரும் என்னைப்போல் ஒன்றும் காணாதவர்கள் ஆகியிருப்பார்கள். ஆனால் பாடப்பட்டுக்கொண்டிருந்தது அவன் நாமம். அதை நடுவில் அறுக்க எனக்குக் கை வரவில்லை.

கூட்டம் கலைந்தபின், “நைனா, நான் எப்படி இருந்தேன்?” என்று கேட்டேன்.

“சும்மா சொல்லக்கூடாது,” என்றார் மகிழ்ச்சியோடு, “படம் அப்படியே கண்ணாடி மாதிரி இருந்துச்சு.”

இதையும் நான் பொறுத்திருப்பேன். எமன் திசைக்கு அஞ்சுகிறவர், வாக்கைவிட அச்சம் பெரிது என்று எண்ணியிருப்பேன். ஆனால் தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. உள்ளறையில் கம்பளிக்குள் கிடந்தேன். அன்று மாலை நைனாவின் மனத்துக்கு உகந்த நடிகரின் படம். கூடம் நிறைந்துவிட்டது, வயரைப் பிடிக்க ஆளில்லை. “எழுப்பவா?” என்று யாரோ கேட்டதும், “ஜொரம் நெருப்பா கொதிக்குது, எழுப்பினீங்கன்னா தெரியும்!” என்று அம்மா சீறியதும் கேட்டன. அடுத்து என் தலைக்கு நேர் மேலே மாடியில் காலடிச் சத்தம், மூங்கில் கிரீச்சிட்டது.

“இன்னும் தெக்க! இன்னும் கொஞ்சம்! ஆங், நிறுத்து, நிறுத்து!” நைனாவின் குரல்தான்.

கூடத்தில் கைதட்டல். “எமன் திசைன்னீங்களே?” என்றாள் அம்மா. “சினிமாக்காரன எமன் இன்னா பண்ணப்போறான்?” என்றார் நைனா; தெருவே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஏரியல் அதன்பின் கிழக்கே திரும்பவே இல்லை. வீட்டில் எவருக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை. நானும் அதன்பின் வயரைப் பிடிக்கவேண்டி வரவில்லை. கூடத்தில் எல்லாரோடும் உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. அந்த நிகழ்ச்சி மறுபடி வருமா என்று பாட்டு டீச்சரிடம் கேட்டேன். அதைப் பதிவுசெய்த நாடாவின் மேல் வேறு எதையாவது பதிந்திருப்பார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

இன்று அந்த ஊரில் மூங்கில் ஏரியல் ஒன்றும் இல்லை. பட்டை வயரைக் காட்டினால் என்னவென்று கேட்பார்கள். எங்கள் வயல்கள் இருந்த இடத்தில் கம்பெனிகளின் மதில்கள் எழுந்துவிட்டன. அன்று திரையில் என் முகத்தைத் தம் கண்ணால் கண்ட பெரியவர்களும் ஒவ்வொருவராகப் பரமபதம் அடைந்துவிட்டார்கள். நைனாவின் கடைசி நாட்களில் அவர் செவியில் நான்தான் பாசுரம் ஓதினேன். ஓதும்போதும், சினிமாவுக்குத் திருப்பிய ஏரியலை எனக்காக ஏன் திருப்பவில்லை என்று கேட்டுவிடலாமா என நாவின் நுனிவரை வந்தது. கேட்கவில்லை. மகள் செய்யவேண்டிய அனைத்தையும் செய்தேன். மன்னிப்பது மட்டும் இன்னும் கைகூடவில்லை. அதற்கும் அவன் அருளே வேண்டும்.

சென்ற மாதம் வேப்பம்பட்டில் மகன் வீட்டில் இருக்கும் கோதண்டன் மாமாவைப் பார்க்கப் போனேன். அந்தப் பெரியவர்களில் எஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். கண் பார்வை மங்கிவிட்டது. குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டார். “மாமா, அன்னிக்கு டிவியில நான் எப்படி இருந்தேன்?” என்று கேட்டேன்.

அவர் நெடுநேரம் என் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். “நான் எங்கம்மா பாத்தேன்? உன் கையில வயரக் குடுத்துட்டு, மனசு கேக்காம கொல்லப் பக்கம் போய்ட்டேன். உன் குரலு மட்டும் கேட்டுச்சு. நல்லா இருந்துச்சும்மா.”

இதைப் படிக்கும் உங்கள் அனைவருக்கும் திருமகள் கேள்வனின் அருள் குறைவின்றிப் பெருகுக. நெல்லும் நீரும் நீண்ட ஆயுளும் நிறைக. உங்கள் இல்லத்துப் பிள்ளைகளுக்கு விளக்கின் முன் நீங்கள் கொடுக்கும் வாக்கு எதுவாயினும், அதைக் காக்கும் நெஞ்சுரத்தை அவன் உங்களுக்கு அருள்க.