வாசலைப் பார்த்து நிற்கும் வான்

படுக்கையும் அடுப்பும் உள்ள முகாம் வானை ஓட்டாமல் நிறுத்தி வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தண்ணீர்த் தாங்கியை வடித்துக் காயவிட வேண்டும். சாப்பாட்டுச் சாமான் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பற்றரி வயரைக் கழற்றி, கடற்காற்றுப் படாத கூரைக்குக் கீழே விட வேண்டும். என் அம்மா ரதி இவை அனைத்தையும் நேர்மாறாகச் செய்பவர்.

அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது. நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் இருபத்தெட்டு வருடமாகத் தட்டச்சு வேலை செய்கிறார். பஸ்ஸில் கதவுக்குப் பக்கத்துச் சீற் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ் வரும்வரை நிற்பார். ஐந்து வருடம் வெளிநாடுகளில் பழம் பிடுங்கியும், விடுதிகளில் படுக்கை விரித்தும் சேர்த்த காசில் நான் ஒரு பழைய வானை வாங்கினேன். அதற்குள் கட்டிலும் காஸ் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் பூட்டியபோது, "இதுக்குள்ள போய்ப் படுக்கவோ உன்னை இவ்வளவு படிப்பிச்சனான்?" என்று கேட்டார்.

ஒரு மாதத்துக்குள் வான் அவருடையதாகிவிட்டது.

நான் காட்டுக்கோ கடற்கரைக்கோ போய்வந்து வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழே நிறுத்தியதும் அம்மா இறங்கி வருவார். "முகத்தை வாசல் பக்கம் திருப்பி விடு." இரண்டு தூண்களுக்கு நடுவே பின்பக்கமாக ஏற்றி ஏற்றி, வானின் இரு பக்கமும் கீறல். பிறகு அரிசி, பால்மா, மீன் ரின், பிஸ்கற் என்று ஒவ்வொன்றாக உள்ளே அடுக்குவார். மெத்தைக்குக் கீழே ஒரு பொலித்தீன் உறையில் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும் வீட்டு உறுதிப்பத்திரமும். தண்ணீரை நான் வடித்தால், வேலையால் வந்ததும் குழாய் இழுத்து நிரப்புவார்.

"அம்மா, நான் இனி வானை எடுக்கப்போறது ரெண்டு மாசத்துக்குப் பிறகு."

"அதுக்கு?"

அதுக்கு என்ன என்பதைக் கடந்த பயணத்தில் கண்டேன். குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர், அழுகிய நாற்றம். அரிசி முழுக்க வண்டு. கூரை ஓரங்களில் உப்புக்காற்று துருவைக் கிளப்பியிருந்தது. கொட்டாஞ்சேனையில் மெக்கானிக் மர்ஸூக் தாங்கியைக் கழற்றிவைத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன தங்கச்சி இது, மீன் வளக்கிறீங்களா? இன்னும் ஒரு வருசம் கடலுக்குப் பக்கத்துல வெச்சா, கூரை இல்லாம வானத்தப் பாத்துத்தான் படுக்கணும்."

வத்தளையில் யோகராஜ் என்பவரின் கொட்டகையைப் பிடித்தேன். பழைய களஞ்சியம், நல்ல கூரை, சீமெந்துத் தரை. ஒரு கிழமை முழுக்க அம்மாவோடு சண்டை.

"வத்தளையில விட்டா, ஏதும் நடந்தா களனிப் பாலத்தைக் கடந்து ஆர் போய் எடுக்கிறது?"

"என்ன நடக்கும்?"

"பெற்றோலுக்கு லைனில நிண்டது மறந்துபோச்சோ?"

"நான் அப்ப நாட்டிலயே இல்லை, அம்மா."

"அதுதான் உனக்கு விளங்கேல்லை."

சனிக்கிழமை தானும் வருவேன் என்று முன் சீற்றில் ஏறினார். காலி வீதியில் தொடங்கிய நெரிசல் பாலம்வரை விடவில்லை. அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். யோகராஜின் வாசலில் இறங்கியதும், "ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிசம்" என்றார். "அதுவும் ஒரு பிரச்சினையும் இல்லாத நாளில."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரை வடிக்கத் தொடங்கினேன். யோகராஜ் வாகனம் தூக்கும் ஜக்கும் நான்கு மரக்கட்டைகளும் கொண்டுவந்தார்.

"ரெண்டு மாசம் ஒரே இடத்தில நிண்டா ரயர் சப்பிப்போகும், மிஸ். கட்டையில ஏத்தி விடுவம்."

முன்சில்லு தரையை விட்டு எழும்பியது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கட அப்பாவும் இப்பிடித்தான், எல்லாம் ஒழுங்கா வைச்சவர்" என்றார்.

எண்பத்திமூன்று ஆடிக் கலவரம் எங்கள் வீட்டில் இரண்டு வரிக் கதை: வீடு எரிந்தது, எல்லோரும் தப்பினார்கள். அப்போது அம்மாவுக்குப் பதின்மூன்று வயது. மூன்றாவது வரியை அன்றுதான் கேட்டேன்.

"ரெயினில ஊருக்குப் போக ரிக்கற் எடுத்தாச்சு. ஒரு மாசம் ஓடாம நிக்கும் எண்டு காரைக் கட்டையில ஏத்தி, சில்லு நாலையும் கழட்டி, பற்றரியை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினவர். அடுத்த நாள் தொடங்கிட்டுது. முன்வீட்டுக்காரர் தங்கட காரில ஏறிப் போயிட்டினம். நாங்கள் மதிலால பாய்ஞ்சு பக்கத்து வீட்டு மாடியில ஒளிச்சிருந்து பாத்தனாங்கள். மற்ற வீட்டுக் காருகளை ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கொளுத்தினாங்கள். எங்கட காரைத் தள்ள ஏலாது. அதால வாசலிலயே வைச்சுக் கொளுத்தினாங்கள். வீட்டுக்கு நெருப்பு அதிலயிருந்துதான் பிடிச்சது."

யோகராஜ் ஜக்குப் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

எனக்கு இரக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இதை ஒரு கிழமைக்கு முன் சொல்லியிருக்கலாம். கொட்டகைக்கு முற்பணம் கட்டியிருக்கிறேன். வானின் கூரை துருப்பிடிக்கிறது. இனி எந்த வாயால் "கட்டையில் ஏற்றுங்கள்" என்று சொல்வது?

"இறக்குங்கோ அண்ணை" என்றேன்.

"முற்பணம்?" என்று இழுத்தார் யோகராஜ்.

"நீங்களே வைச்சிருங்கோ."

திரும்பி வரும்போதும் அதே நெரிசல். பாலத்தின் நடுவில் நின்றபோது அம்மா, "அந்தத் தாங்கியை எப்பிடித் திறக்கிறது?" என்று கேட்டார்.

"ஏன்?"

"கிழமைக்கொருக்கா நானே வடிச்சு மாத்துறன். அரிசியையும் மாத்துறன். வெறுமையா மட்டும் விடாத. நாத்தமெண்டு நீ சொல்லுறது எனக்கும் மணக்குதுதானே."

"துருவுக்கு என்ன செய்யப் போறியள்?"

"துடைக்கிறன்."

"துடைச்சாத் துரு போகுமோ?"

"உப்புப் போகும்தானே. கத்தாமப் பாத்து ஓடு."

அடுத்த நாளே அம்மாவுக்குத் திறக்கும் முறையைக் காட்டினேன். கீழே குனிந்து அடைப்பானைத் திருகியவர் அதை முழுதாகக் கழற்றிவிட்டார். முதல்நாள் வந்ததுமே அவர் நிரப்பிவிட்டிருந்த ஐம்பது லீற்றர் தண்ணீர் அவரது சேலையை நனைத்து, பக்கத்துக் கார்களுக்குக் கீழே ஓடி, லிஃப்ற் வாசல்வரை போனது. திங்கள் காலை லிஃப்றுக்குள் தொடர்மாடிச் சங்கச் செயலாளரின் அறிவித்தல் மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தது: வாகனத் தரிப்பிடத்தில் தண்ணீர் ஊற்றுவது தடை.

அம்மா வேலைக்குப் போகும் அவசரத்திலும் நின்று மூன்றையும் வாசித்தார்.

"தமிழில ரெண்டு பிழை விட்டிருக்கிறார்" என்றார். "ஞாயிறு பின்னேரம் ரெண்டு மணிக்குச் செய்வம். அந்தாள் அப்ப நல்ல நித்திரை."