பெயிண்ட் போகாத நசுங்கல்

போன வருஷம் ஆனி மாதத்தில் ஒரு காலை. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கும் மலைப்பாதை. மழை நின்றுவிட்டிருந்தது, மரங்கள் மட்டும் அதை நம்பாமல் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. என் பழைய டீசல் பிக்கப்பில் நானும் என் மனைவியும். பின்னால் பாரம் எதுவும் இல்லை. முன்னால், அவள் மடியில், பாலிதீன் பைக்குள் சுற்றிய ஹால் டிக்கெட். எத்தனையோ மூட்டை மரவள்ளிக் கிழங்கு ஏற்றி இறக்கியவன் நான். அந்தக் காகிதம் கனத்த மாதிரி எதுவும் கனத்ததில்லை.

என் மனைவி எங்கள் ஊர் அங்கன்வாடியில் உதவியாளர். பத்தாவது தேறினால் பணியாளர் ஆகலாம் என்று யாரோ சொல்லிவிட, பேரன் பேத்தி எடுக்கிற வயதில் தனித்தேர்வராக எழுத உட்கார்ந்தாள். முதல் தடவை மற்றதெல்லாம் தேறி, கணக்கும் அறிவியலும் நின்றுவிட்டன. "இந்த வாட்டியும் போச்சுன்னா புஸ்தகத்த அடுப்புல வச்சிருவேன், அப்புறம் என்ன யாரும் கேக்கக்கூடாது" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்பவள். எனக்கு அதுதான் பயம்.

அந்தப் பயத்தில் நான் வீட்டையே மூடி வைத்திருந்தேன். டிவி வயரைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டேன். சாயங்காலமானால் பேச வருகிற பக்கத்து வீட்டு அக்காவை, "அது படிக்குதுக்கா" என்று வாசலோடு அனுப்பினேன். கோழி கத்தினால்கூடக் கோழிமேல் பாய்ந்தேன். "பரீட்சை எனக்கா உங்களுக்கா?" என்று அவள் கேட்டபோதும் நான் கோழியைத்தான் விரட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த நேரம் பார்த்து வண்டிக்கும் நோவு வந்தது. வைகாசியில் அடித்த மழையில், டேங்க் மூடியின் ரப்பர் நைந்த இடம் வழியாகத் தண்ணீர் இறங்கி, வண்டி நடுவழியில் நின்றது. கள்ளக்குறிச்சி மெக்கானிக் டேங்க்கைச் சுத்தம் செய்து, ஃபில்டர் மாற்றி அனுப்பினார். அது சரியாகிப் பத்துப் பதினைந்து நாள் கழித்து வேறு விதமாகத் தொடங்கியது. நல்லாத்தான் கிளம்பும். ஏற்றம் ஏறி முடிக்கிற நேரம் இழுவை குறையும். ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜின் குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கும். துடிப்பு விட்டுவிட்டு வந்து மிஸ்ஸிங் அடிக்கும். அப்புறம் ஒரு விக்கல், ஒரு இருமல், நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் தெரியாததுபோல் எழுந்துகொள்ளும்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் மட்டும் பரம யோக்கியன். அவர் டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பார், பானெட்டைத் தூக்குவார், ஸ்டார்ட் செய்வார். பூனை தூங்குவதுபோல ஒரே சீராக ஓடும்.

"இன்னாண்ணே, என்னப் பாக்கணும்னா சும்மா வந்துட்டுப் போயேன். இதுக்கு ஒரு பொய் சொல்லணுமா?"

"சத்தியமா நிக்குதுப்பா."

"எங்க நிக்குது? டீக்கடையாண்டயா?"

ஆக்சிலேட்டரைத் தொடாதபோது ஓடுகிற ஸ்லோ ஸ்பீடைக் கொஞ்சம் ஏற்றிவைத்தார். இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவினார். ஹோஸ் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் வீடு வந்து சேரும்வரை நம்பிக்கை, அடுத்த நடை ஏற்றத்தில் மறுபடி நடுக்கம். ராத்திரியில் படுத்தால் என் நெஞ்சுத் துடிப்பே மிஸ்ஸிங் அடிக்கிற மாதிரி இருக்கும். அவள் பக்கத்தில் முக்கோணங்களை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

கணக்குப் பரீட்சை அன்றைக்கு அவள் பஸ்ஸில் போவதாகத்தான் ஏற்பாடு. நின்றோம், நின்றோம், பஸ் வரவில்லை. கீழே எங்கோ மரம் விழுந்து நிற்கிறது என்றார்கள். இல்லை, மரத்த எடுத்துட்டாங்க, பஸ்ஸு வந்துக்கினு கீது என்றும் சொன்னார்கள். பத்து மணிக்குப் பரீட்சை, கள்ளக்குறிச்சியில். வேறு வழியில்லை. முந்தின நாள் ஏற்றம் முடித்து அப்படியே நிறுத்தியிருந்த வண்டியை எடுத்தேன். நம்பாத மனிதரிடம் பிள்ளையைக் கொடுத்து அனுப்புவதுபோல இருந்தது.

முதல் வளைவுகள் நல்லபடியாகக் கடந்தன. விழுந்த மரத்தை ஓரம் தள்ளியிருந்தார்கள், அதையும் தாண்டினோம். அவள் வாய்க்குள் சூத்திரம் சொல்லிக்கொண்டே வந்தாள். இடது பக்கம் பள்ளத்தில் மேகம் பால்போலத் தேங்கியிருந்தது. செங்குத்தான ஒரு கொண்டைஊசி வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்கக் கிளட்சை மிதித்தேன். இன்ஜின் நடுங்கியது. அடுத்த மூச்சில் அமைதி.

அந்த அமைதியை எப்படிச் சொல்ல! சக்கரம் உருளும் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. பிரேக்கை மிதித்தேன்; முதல் மிதி பிடித்தது. அடுத்த மிதிக்குப் பெடல் கல்லாகிவிட்டது. இன்ஜின் ஓடினால்தான் அந்தப் பிரேக்குக்குப் பலம். காலால் பாறையைத் தள்ளுவதுபோல முழு உடம்பையும் அதன்மேல் போட்டேன். வண்டி வேகம் எடுத்தது. கியரைத் தள்ளி, கிளட்சை விட்டு, கை பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை வலது பக்கம் மலைச் சுவரை நோக்கி ஒடித்தேன். ஒரு உதறல், கதவோரம் மண் உரசும் சத்தம், நின்றது. எதிரே யாரும் வராதது எந்தச் சாமி புண்ணியமோ.

சூத்திரமும் நின்றிருந்தது. ஹால் டிக்கெட்டை மட்டும் அவள் விடாமல் பிடித்திருந்தாள்.

"இறங்கு. சக்கரத்துக்குக் கல்லு வை."

எங்கள் மலையில் வண்டி நின்றால் யார் உட்கார்ந்திருந்தாலும் முதல் வேலை அதுதான். அவள் டிக்கெட்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு ஓடிக் கல் பொறுக்கினாள். நான் பானெட்டைத் தூக்கி ஃபில்டரின் மேலிருக்கும், டீசலை இழுக்கிற கைப்பம்பை அமுக்கினேன். அமுக்கினால் அது மேலே எழவே மறுத்தது. உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல. ஸ்டார்ட் செய்து பார்த்தேன். கறகறவென்று சுற்றி ஓய்ந்தது. கையெல்லாம் டீசல், கண்ணெல்லாம் வியர்வை. என் வாயில் கெட்ட வார்த்தை தவிர வேறெதுவும் இல்லை.

"ஏங்க, இங்க வாங்க."

"கம்முனு இரு மே."

"டேங்க்கு ஏன் இப்டி வயிறு ஒட்டிக்கினு கீது?"

"எங்கியாவது இடிச்சிருக்கும்."

"இடிச்சா பெயிண்டு போவாதா? ஒரு கீறல் இல்லியே!"

பின்சக்கரத்துக்குக் கல் வைக்கக் குனிந்தவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். போய்ப் பார்த்தேன். பக்கவாட்டுத் தகரம் உள்வாங்கி, பட்டினி கிடந்த வயிறுபோல் குழிந்திருந்தது. பெயிண்ட் பளபளவென்று அப்படியே இருந்தது. அவள் கண் அங்கிருந்து மெதுவாக மேலே, மூடிக்குப் போனது.

அந்த மூடியைக் கட்டியது அவள்தான். வைகாசி மழைக்குப் பிறகு, இனிமேல் ஒரு சொட்டு இறங்கக்கூடாது என்று. மலை ஈரத்தில் பூசணம் பிடிக்காமல் அங்கன்வாடியில் சத்துமாவு டின்னை எப்படிக் கட்டுவாளோ அதே கட்டு: இரண்டு மடிப்புப் பாலிதீன், அதன்மேல் சைக்கிள் டியூபை வெட்டி வரிந்து வரிந்து முடிச்சு. எறும்பு போகாது, காற்றும் போகாது. யார் அவிழ்த்தாலும் வண்டி வீடு திரும்பியதும் அவளே வந்து கட்டிவிடுவாள். அவள் கட்டு கெட்டியானது என்று எனக்குப் பெருமைகூட.

"சுடுதண்ணி கேன மூடி வச்சா ஆறுனதும் இப்டித்தாங்க ஒட்டிக்கும்" என்றாள். கை முடிச்சுக்குப் போனது. "நாந்தாங்க கட்டுனேன்."

எனக்கு அப்போதும் முழுதாக விளங்கவில்லை. அவள் முடிச்சோடு நகத்தால் போராடி, முடியாமல், பல்லால் கடித்து இழுத்தாள். மூடியைத் திருகினாள். தண்ணீரில் மூழ்கி மேலே வந்தவன் இழுக்கிற முதல் மூச்சுபோல ஹாவென்று ஒரு சத்தம். தொடர்ந்து டொம்மென்று தகரம் தானாக வெளியே புடைத்தது. இரண்டு பேரும் பயந்து பின்னால் தாவினோம்.

மெக்கானிக்கின் குச்சி ஞாபகம் வந்தது. அங்கே ஒவ்வொரு தடவையும் முதலில் திறந்தது இந்த மூடியைத்தான். டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே போக வேண்டுமே. வழியில்லாமல் வெற்றிடம் சேர்ந்து, டீசலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அங்கே மெக்கானிக் திறந்ததும் டேங்க் மூச்சு விட்டிருக்கிறது.

கைப்பம்பு இப்போது சொன்னபடி கேட்டது. ஸ்டார்ட் ஆனதும் ஒரு தரம் உதறி, அப்புறம் நிதானமாகப் பிடித்துக்கொண்டது. அவள் டேங்க் வாயில் தன் கைக்குட்டையைச் சுற்றி, மூடியை மேலோட்டமாக வைத்துவிட்டு ஏறினாள். அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு நம்ம ரெண்டு பேரையும் நானே..."

"நீ கட்டலன்னா தண்ணி வந்திருக்கும். கணக்க நெனை."

"எல்லாம் மறந்துபோச்சுங்க."

நான் வழக்கம்போல "ஒழுங்கா நெனச்சுப் பாரு" என்று அதட்ட வாய் திறந்தேன். அதை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவின் கோழி முட்டையைக் காக்கா தூக்கிய கதையைச் சொன்னேன். என்ன கதை அது, எனக்கே தெரியவில்லை. அடிவாரத்துக் கோமுகி அணை தெரிகிற இடத்தில் அவள் சிரித்தாள். கொஞ்ச தூரத்தில் சூத்திரம் தானாக அவள் உதட்டுக்குத் திரும்பி வந்தது.

பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடத்துக் கேட்டில் நின்றவர் அவளை மேலும் கீழும் பார்த்து, "இன்னாம்மா, பரீட்சைக்கு வந்தியா, லாரி ஓட்ட வந்தியா? இப்டி டீசல் நாத்தம் அடிக்குது!" என்றார். ஹால் டிக்கெட்டின் ஓரத்தில் அவள் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது. கடைசி ஆளாக உள்ளே போனாள். வண்டியை அணைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அது ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு புளியமரத்தடியில் நின்றேன். பக்கத்து டீக்கடைக்காரர் சத்தம் போட்ட பிறகுதான் அணைத்தேன்.

அறிவியல் பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் நானே போய்ப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு வந்தேன். "அது படிக்குமே" என்று தயங்கினார். "படிக்கட்டும்க்கா, நீங்க வாங்க" என்றேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் கேட்ட சிரிப்பில் கோழிகள்கூடக் கலைந்தன. இரண்டிலும் தேறினாள்; மார்க்கை இங்கே எழுதினால் என்னைத் திட்டுவாள். புது மூடி மாட்டியாகிவிட்டது. ஆனாலும் மலையிறங்குமுன் வண்டியை நிறுத்தி, அந்த மூடியை ஒரு திருகு திருகி, உள்ளே காற்று போகிற மெல்லிய சத்தத்தைக் கேட்காமல் என்னால் முதல் வளைவில் திரும்ப முடிவதில்லை. வீட்டிலும், யாருக்காகவாவது நான் ரொம்பப் பயப்படும்போது, எதை இறுக்கிக் கட்டிவிட்டேன் என்று முதலில் என் கையைத்தான் பார்க்கிறேன்.