அம்மா சொன்ன சக்கரை நோய்

மூன்று வாரமாகக் காய்ச்சல் விடவில்லை என்று ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் நெடுநாள் நன்றாக இருக்கலாம் என்றவர், வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது என்றார். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோவையில் பம்ப் கம்பெனி வேலை. வீடு பொள்ளாச்சிப் பக்கம், தோப்புக்குள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் இரண்டையும் சொன்னேன். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பதையும், இந்த நோயையும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்க்கொண்டிருந்தவள் வாளியைக் கீழே வைக்கவில்லை.

"அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் கண்ணு" என்றாள்.

ஏதாவது கேட்பாள் என்று பஸ் ஏறும்வரை காத்திருந்தேன்.

அடுத்த முறை போனபோது காப்பியில் சர்க்கரை இல்லை. மாத்திரைக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று, எனக்குச் சர்க்கரை நோய் என அப்பாவிடமும் மாமாவிடமும் சொல்லியிருந்தாள். மாமா பாகற்காய் கொண்டுவந்தார். விருந்துகளில் என் இலைக்கு ஜிலேபி வராது. ஒரு வருஷம் நானும் அப்படியே நடித்தேன்.

பிறகு ஈரோட்டில் பெண் பார்த்தார்கள்.

"எனக்கு சக்கரை இல்லீங்கம்மா. உங்களுக்குத் தெரியும்தானுங்க?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "அவிங்ககிட்ட சக்கரைன்னு சொல்லிப்போட்டேன். இந்தக் காலத்துல யாருக்குத்தான் இல்ல."

"அந்தப் புள்ள பாவமுங்கம்மா."

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிரும்."

பெண்ணின் அப்பாவுக்கு நானே போன் செய்து, கல்யாணத்தில் விருப்பமில்லை என்றேன். "எம் புள்ளகிட்ட ஏதாச்சும் கொறைங்களா?" என்று கேட்டார். அதெல்லாம் இல்லீங்க என்றேன். அன்றோடு அம்மா என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

போன மாதம் டாக்டர், கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, மாத்திரையை விடாமலிருந்தால் உடலுறவில் யாருக்கும் பரவாது என்றார். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கிளினிக் வாசலிலிருந்தே வீட்டுக்குக் கூப்பிட்டேன். அப்பா எடுத்தார்.

"அம்மாகிட்டக் குடுங்கப்பா."

போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் யாரிடமோ பேசுவது மங்கலாகக் கேட்டது. "தூங்கறா சாமி. அப்புறமாக் கூப்புடு" என்றார். பின்னால் அம்மா கோழிகளை விரட்டும் சத்தம் கேட்டது.

சரிங்கப்பா என்று வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிடவில்லை.