மேஜிக்காரர் பிரித்த பூப்பொட்டலம்

என் வீட்டுக்காரர் பூமிநாதனுக்கு அருப்புக்கோட்டையில் பவர்லூம் செட்டில் வேலை. பாலவனத்தத்திலோ காரியாபட்டியிலோ பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் மேஜிக் செய்ய அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதோடு விட்டாலும் பரவாயில்லை. மதுரையில் பழைய புத்தகக் கடைகளைக் குடைந்து, வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் எழுதிய தடித்தடியான மேஜிக் புத்தகங்களை வாங்கி வந்து, செல்போனில் அர்த்தம் பார்த்துப் பார்த்துப் படிப்பார். முயலை எப்படி எடுப்பது என்றெல்லாம் அதில் இருக்காதாம். பார்க்கிறவர் மனசு எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பதுதான் முழுக்க. இந்தப் பக்கம் சோறு ஆறிக் கிடக்கும். அந்தப் பக்கம் மனிதர் பரீட்சைக்குப் படிப்பதுபோல் கோடு போட்டுக்கொண்டிருப்பார்.

படித்ததையெல்லாம் என்னிடம்தான் செய்து பார்ப்பார். அதனால் அவர் கை எப்போது பொய் சொல்லும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் எதிராளியின் கண்ணைப் பார்த்து ஏதாவது ஒரு கேள்வி கேட்பார்.

எங்கள் மகள் பாண்டீஸ்வரிக்கு மதுரையில் ஒரு லேப்பில் வேலை. கூட வேலை பார்க்கும் மதன்குமாரும் அவளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். எங்களுக்கும் பிடித்திருந்தது. ஆனால் பாண்டிக்கு ஜாதகம் கிடையாது. அப்பா இல்லாத அந்தப் பையனுக்குப் பெரியப்பா வீரணன் வைத்ததுதான் சட்டம். அவர், "எங்க குலசாமிகிட்ட பூக்கட்டிப் பாப்போம். ஆத்தா சொல்லட்டும்" என்றுவிட்டார்.

வெள்ளை அரளியை ஒரு பொட்டலமாகவும் சிவப்பு அரளியை ஒரு பொட்டலமாகவும் கட்டி, அம்மன் காலடியில் வைத்து, விவரம் தெரியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அதற்குமேல் யாரும் எடுக்க மாட்டார்கள். பாண்டி ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"இத்தன வருசமாப் படிக்கிறீகளே, பெத்த புள்ளைக்கு ஒரு வெள்ளப் பூவ வரவைக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"அது மேடை இல்ல செல்வி. சாமி முன்னாடி."

"பாவம் எம்மேல வரட்டும்."

மறுநாள் அவர் தனியாகத் திருச்சுழி பஸ்ஸில் போய், அவர்கள் குலசாமி கோயிலில் பொட்டலம் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார். பூக்கட்டிப் பார்க்கிற அன்று காலையில் அதேபோல் வாழையிலைத் துண்டில் வைத்து, நாரில் முடிந்து, வெள்ளை ஒன்றும் சிவப்பு ஒன்றும் கட்டினார்.

"வெள்ள போதாதா?"

"புள்ள எடுத்த செவப்ப மறைச்சிட்டு நான் வெள்ளயக் காட்டுனா, தட்டுல மிச்சம் கெடக்குறதும் வெள்ளையால்ல இருக்கும்? கை தட்டுனதோட வித்தை முடியாது. மிச்சத்தப் பாக்கணும்னு ஒருத்தன் வருவான்." இரண்டையும் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, "செய்வேன்னு நான் இன்னும் சொல்லல" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கோயில் கருவேலங்காட்டுக்குள் இருந்தது. மதன்குமாரின் அம்மா சங்கரம்மாள்தான் யாரும் பார்க்காதபடி திரும்பி உட்கார்ந்து பூவைக் கட்டினார். அதிகம் பேசாத, இறுகிய முகம். இந்த மாமியாரிடம் என் பிள்ளை எப்படிக் காலம் தள்ளுவாள் என்று எனக்கு அந்தப் பயம் வேறு. பூசாரி பொட்டலங்களைத் தட்டில் வைத்துச் சூடம் காட்டினார். பையனின் அக்கா மகள் ப்ரியாவை முன்னால் விட்டார்கள். அது ஒன்றைத் தொட்டது, விட்டது, இன்னொன்றைத் தொட்டது, எங்களைப் பார்த்துச் சிரித்தது. கடைசியில் ஒன்றை எடுத்து நீட்டியது.

பெண்ணைப் பெற்றவர்தான் பிரிக்க வேண்டும். நான் அவர் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, விரல் நுனியில் பிடித்து, யாரையும் பார்க்காமல் நாரை அவிழ்த்தார். கேள்வி எதுவும் இல்லை. பாவி மனிதர் நேர்மையாகப் பிரிக்கிறார்.

வெள்ளை.

பெண்கள் குலவை போட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் வீரணன் கையை உயர்த்தினார்.

"இருங்க. இவுக வித்தை காட்டுறத நானே பள்ளிக்கூடத்துல பாத்திருக்கேன். இவுக கையில பிரிஞ்ச பூவ எப்படி நம்புறது? தட்டுல கெடக்குறதையும் பிரிங்க. அது செவப்பா இருக்கணும்."

குலவை நின்றது. சங்கரம்மாள் பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டார். வீரணனைக் குனிய விடாமல் என் வீட்டுக்காரரே முந்திப் பொட்டலத்தை எடுத்தார். எடுத்தவர் வீரணனின் கண்ணை நேராகப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எங்கையிலதான் நம்பிக்கை இல்ல. உங்க கையில இருக்குல்ல? நீங்களே பிரிங்களேன்."

கேள்வி கேட்டுவிட்டார். கை பொய் சொல்லிவிட்டது. வெள்ளைதான் வந்தாயிற்றே, இந்த நேரத்தில் இவர் எதை மாற்றுகிறார்? புத்தி பிசகிவிட்டதா? வீரணன் முடிச்சை அவிழ்க்கிறவரை நான் அந்த அம்மனிடம் கேட்காத மன்னிப்பு இல்லை.

சிவப்பு. வீரணன் திருநீற்றை அள்ளி மதன்குமாரின் நெற்றியிலும் பாண்டியின் நெற்றியிலும் பூசினார்.

திரும்பி வருகிற பஸ்ஸில், முன் சீட்டில் பாண்டி ஒரு வாரப் பசிக்கும் சேர்த்து வடை தின்றுகொண்டிருந்தாள். அவர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். "தட்டுல கெடந்தது இதுதான்" என்றார்.

பிரித்தேன். வெள்ளை அரளி.

"மாப்ளையோட அம்மா ரெண்டுலயும் வெள்ளயத்தான் வச்சுக் கட்டியிருக்கு" என்றார். "அண்ணாச்சி பிரிச்ச செவப்பு மட்டும்தான் நான் கொண்டுபோனது."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"அண்ணாச்சி கேட்டதும் அந்தம்மாவுக்கு முகம் செத்துப்போச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே சந்தேகந்தான். சின்னப்புள்ள எடுக்கப் போனப்ப நீ, நான், பூசாரி எல்லாரும் பொட்டலத்தத்தான் பாத்தோம். அந்தம்மா அந்தப் பக்கமே திரும்பல. நம்ம பாண்டியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு."

பொட்டலத்தைத் திரும்ப மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். என் பிள்ளை போகப்போகிற வீட்டைப் பற்றி எனக்கிருந்த பயம் அருப்புக்கோட்டை வருவதற்குள் போய்விட்டது.